நத்தாருக்கு முன் தோட்டத்தில் ஒரு கரோல் குழு: முதன்முறை தொடங்குவோருக்கு

நவம்பர் குளிர் ஏறத் தொடங்கியதும் நம் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் யாராவது ஒருவர் கேட்பார்: "இந்த வருசம் நம்ம டிவிசன்லயும் கரோல் போனா என்ன?" நாலு பேர் தலையாட்டுவார்கள். "பாடத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா?" என்று இன்னொருவர் கேட்பார். பேச்சு அதோடு நின்றுவிடும்.

அப்படி நின்றுபோனவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை என்று எந்தப் பக்கத்துத் தோட்டமாக இருந்தாலும் சரி. கிட்டார் வாசிக்க ஆள் இல்லையா, பரவாயில்லை. தேவாலயத்தில் பாடகர் குழு இல்லையா, அதுவும் பரவாயில்லை. ஐந்தாறு வாரம் கையில் இருந்தால் போதும்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கரோல் போவது கச்சேரி செய்ய அல்ல. இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) சால்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கும் அம்மாயியும், அடுப்படியில் ரொட்டி சுடுகிற அக்காவும், கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் பிள்ளையும் இரண்டாவது வரியிலாவது நம்மோடு சேர்ந்து பாட வேண்டும். எந்தப் பாட்டு, எந்தச் சுருதி, எவ்வளவு வேகம், உண்டியலை எங்கே வைப்பது என்று வரும் ஒவ்வொரு கேள்விக்கும் இதை வைத்தே பதில் தேடுங்கள். பாடியவர்களுக்குக் கிடைக்கும் சந்தோசமும் அங்கேதான் இருக்கிறது. எவ்வளவு அழகாகப் பாடினோம் என்பதை ஜனவரியில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. எந்த லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எல்லோரும் சேர்ந்து பாடினார்கள் என்பதைத்தான் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள்.

ஆள் சேர்த்தல்

பத்துப் பன்னிரண்டு பேர் போதும். முப்பது பேர் வந்தால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒத்திகைக்கு ஒழுங்காக வரக்கூடிய பத்துப் பேர் யார் என்பதை முதலிலேயே தெரிந்து வைத்திருங்கள். கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் 23, 24ஆம் திகதிதான் வீட்டுக்கு வருவார்கள். அவர்களை நம்பிப் பாட்டைப் பிரித்துக் கொடுக்காதீர்கள். வந்ததும் சேர்ந்துகொள்ளட்டும்.

கிறிஸ்தவர்களை மட்டும் கூப்பிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். மலையகத் தோட்டங்களில் பெரும்பாலான குடும்பங்கள் இந்துக் குடும்பங்கள். அங்கே பாட்டுக்கும் தாளத்துக்கும் பஞ்சமே கிடையாது. மார்கழி பிறந்ததும் விடியற்காலையில் லயம் லயமாகப் பஜனை பாடிக்கொண்டு போகும் குழு பல தோட்டங்களில் உண்டு. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடும் பழக்கம் அவர்களுக்குக் கைவந்தது. ஆர்மோனியமும் தாளமும் கோயிலில் இருக்கும். காமன் கூத்தில் பாடுகிற அண்ணன்மாருக்குத் திறந்த வெளியில், காற்றுக்கு எதிரே நின்று குரல் கொடுக்கத் தெரியும். இவர்களிடம் போய் மரியாதையாகக் கேளுங்கள். பஜனை காலையில், கரோல் மாலையில். மார்கழி டிசம்பர் நடுப்பகுதியில்தான் பிறக்கிறது. ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. கேட்டவுடன் வருவார்கள் என்பது என் அனுபவம். யாரும் கேட்காததால்தான் இதுவரை வராமல் இருந்திருப்பார்கள்.

பாடசாலையில் ஒளிவிழாவுக்கு (நத்தார் விழாவுக்கு) பழகிய பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு ஏற்கனவே இரண்டு மூன்று பாட்டு மனப்பாடம். அந்தப் பாட்டுகளையே குழுவுக்கும் எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பாட்டுத் தெரிவு

ஐந்து பாட்டு. அதற்கு மேல் வேண்டாம். பதினைந்து பாட்டை அரைகுறையாகப் பழகி, கொப்பியைப் பார்த்தபடியே பாடுகிற குழு வாசலில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. ஐந்தை மனப்பாடமாகப் பாடுங்கள். ஒரு லயத்தில் இரண்டோ மூன்றோதான் பாடப்போகிறீர்கள்.

அந்த ஐந்தில் இரண்டு பாட்டாவது கீர்த்தனையாக இருக்கட்டும். கீர்த்தனையில் பல்லவி திரும்பத் திரும்ப வரும். முதல் தடவை கேட்டவர் மூன்றாம் தடவை சேர்ந்து பாடிவிடுவார். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் கர்நாடக இசையிலும் நாட்டுப்புற மெட்டுகளிலும் கிறிஸ்தவப் பாடல்களை எழுதி நமக்கு விட்டுப்போனார்கள். 1854இல் 'தமிழ் கூலி மிஷன்' என்ற பெயரில் மலையகத் தோட்டங்களில் திருச்சபைப் பணி தொடங்கியபோது, தோட்டம் தோட்டமாக நடந்து போனவர்களில் திருநெல்வேலிப் பக்கத்து உபதேசிமாரும் இருந்தார்கள். மேல்நாட்டுக் கரோல்களுக்கு ஈடாக வாசலில் பாட நம்மிடம் ஒன்றும் இல்லை என்று எண்ண வேண்டியதில்லை. கத்தோலிக்கக் குடும்பங்கள் அதிகமாக இருந்தால் அவர்கள் பூசையில் பாடும் பாட்டுகளில் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். சபை வேறுபாடு பார்த்துப் பிரிந்து பாடுகிற வேலை கரோலில் வேண்டாம்.

மீதி மூன்றில் ஒன்று உலகம் முழுக்கத் தெரிந்த மெதுவான மெட்டு, தமிழ் வரிகளோடு. ஒன்று கைதட்டிப் பாடும் வேகப்பாட்டு, பிள்ளைகளுக்காக. ஒன்று சிங்களத்தில். பஸாருக்கோ வைத்தியசாலைக்கோ போனால் அந்த ஒரு சிங்களப் பாட்டு எத்தனை முகங்களை மலரவைக்கும் என்பதை நீங்களே பார்ப்பீர்கள். வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி, உச்சரிப்பைச் சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வரிகளைப் பெரிய எழுத்தில் கையால் எழுதிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். போன் இல்லாத வீட்டுக்குத் தாளில் கொடுங்கள்.

சுருதி

புதிய குழுக்கள் அதிகம் கஷ்டப்படும் இடம் இது. கிட்டார் வாசிக்கிற தம்பி தனக்கு வசதியான சுருதியில் தொடங்குவார். பெண்களுக்கு அது கீழே போய்ப் புதைந்துவிடும், அல்லது உச்சத்தில் தொண்டை கிழியும். நம் வழக்கத்தில் ஆண்கள் பெரும்பாலும் 1 கட்டை, அதாவது சி சுருதியில் பாடுவார்கள். பெண்களுக்கு 5 அல்லது 5½ கட்டை, அதாவது ஜி பக்கம் வசதி. எல்லோரும் சேர்ந்து பாடும்போது யாராவது ஒரு தரப்பு விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

இப்படிச் செய்யுங்கள். பாட்டிலேயே ஆக உயரமான வரி எது என்று கண்டுபிடியுங்கள். அந்த வரியை மட்டும் ஒரு பத்து வயதுப் பிள்ளையையும் ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மாவையும் பாடச் சொல்லுங்கள். இருவரும் கழுத்தை நீட்டாமல், கண்ணைச் சுருக்காமல் பாடினால் அந்தச் சுருதி சரி. முடியாவிட்டால் அரைக் கட்டை, அரைக் கட்டையாகக் கீழே இறக்குங்கள். ஓர்கனில் இதற்கு டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கும், கிட்டாரில் கோர்டுகளை மாற்றிப் பிடிக்க வேண்டும். பொதுவாக உச்ச ஸ்வரம் மேல் சியையோ டியையோ தாண்டாமல் இருந்தால் ஒரு லயமே சேர்ந்து பாடும். கண்டுபிடித்த சுருதியைப் பாட்டுக்கு மேலே கொப்பியில் எழுதி வையுங்கள். இருட்டில், குளிரில், மூச்சிரைக்க நிற்கும்போது ஞாபகத்தை நம்ப முடியாது.

நாலு குரலில் பிரித்துப் பாட முதல் வருடமே ஆசைப்படாதீர்கள். அழகு சேர்க்க வேண்டுமென்றால் இலகுவான வழி ஒன்று இருக்கிறது. மெதுவான பாட்டில் இரண்டு மூன்று ஆண்கள் சட்ஜத்தை (ஸ) மட்டும் "ம்..." என்று பிடித்துக்கொண்டு நிற்கட்டும். மற்றவர்கள் அதன்மேல் பாடட்டும். சுருதிப் பெட்டி தேவையில்லை, பாட்டும் தரையில் நின்றது போல உறுதியாக இருக்கும்.

ஒத்திகை

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். அதற்கு இரண்டு வாரம் முன்பே பாட்டைத் தொடங்கிவிடுங்கள். வாரம் இரண்டு மாலை, ஒரு தடவைக்கு ஒரு மணித்தியாலம். கொழுந்துக்குப் போய் வரும் அக்காமார் வீட்டுக்கு வந்து, குளித்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைக் கவனித்து முடிக்க ஆறரை ஆகும். ஆறரைக்குத் தொடங்கி ஏழரைக்குக் கட்டாயம் முடியுங்கள். பகலெல்லாம் மலையில் நின்ற கால்கள் அவை. ஒத்திகையில் உட்கார்ந்து பாடட்டும். ஒரு கேத்தல் இஞ்சித் தேத்தண்ணி இருந்தால் தொண்டைக்கும் நல்லது, வருகையும் குறையாது.

இடத்துக்குச் சபை மண்டபம் இல்லையென்றால் பிள்ளை மடுவம் (பிள்ளைக் காப்பகம்), வாசிகசாலை, கோயில் மண்டபம் என்று ஒன்றைக் கேட்கலாம். டிசம்பரில் உயர்தரப் பரீட்சை நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் ஒத்திகை வைப்பது சரியில்லை.

முதல் வாரம் வாத்தியமே வேண்டாம். வரிகளைத் தாளத்தோடு பேசிப் பழகுங்கள். பிறகு ஒருவர் ஒரு வரி பாட, எல்லோரும் திருப்பிப் பாடுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இந்த முறையில் மற்றவர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் எழுத்தை நம்பாமல் காதை நம்பி வளர்ந்தவர்கள். மூன்றாம் வாரத்திலிருந்து வாத்தியத்தைச் சேர்க்கலாம்.

கடைசி இரண்டு ஒத்திகையை வெளியில் வையுங்கள். கீழ் லயத்திலிருந்து மேல் லயத்துக்குப் படியேறிப் போய், நின்றவுடன் பாடிப் பாருங்கள். மூச்சிரைக்கும். முதல் வரியே உடைந்து போகும். மலையில் கரோல் பாடுவோர் எல்லோருக்கும் உள்ள பிரச்சினை இது. சமவெளியில் எழுதப்பட்ட எந்த அறிவுரையிலும் இதற்கு மருந்து இருக்காது. தாளக்காரர் மட்டும் மெதுவாக வாசித்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் வரிசைக்கு வந்து, வாயை மூடி மூக்கால் நாலைந்து தரம் மூச்சு விட்டுக்கொள்ளட்டும். முதல் பாட்டு கீழ்ச்சுருதியில் தொடங்கும் மெதுவான பாட்டாக இருக்கட்டும். உச்சம் உள்ள பாட்டை இரண்டாவதாக வையுங்கள்.

வாத்தியம்

ஒரு கிட்டார் போதுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. இன்று உலகம் முழுவதும் பாடப்படும் 'சைலன்ட் நைட்' பாட்டு 1818 டிசம்பர் 24 இரவு ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டோர்ஃப் என்ற சிற்றூரில், இரண்டு ஆண் குரல்களும் ஒரு கிட்டாரும் கொண்டுதான் முதன்முதலில் பாடப்பட்டது. ஒரு கிட்டார், அல்லது ஒரு ஆர்மோனியம், ஒரு டோல்கி, இரண்டு ஜோடித் தாளம். இதுவே நிறைவு. மின்சார ஓர்கனைத் தோளில் சுமந்துகொண்டு படியேறுவது வீண் பாடு. மழையில் நனைந்தால் செலவு வேறு.

வீட்டுச் சூட்டிலிருந்து குளிருக்குள் கொண்டு வந்ததும் கிட்டார் கம்பிகள் இறுகிச் சுருதி ஏறும். உறையோடு பத்து நிமிடம் வெளியில் வைத்துவிட்டுப் பிறகு சுருதி சேருங்கள்.

அடுத்தது தப்பு மேளம். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மலையகத்துக்கு நம் மூதாதையரோடு வந்த மேளம் இது. திருவிழாவுக்கும் சாவுக்கும் அடித்த மேளம் ஆண்டவர் பிறப்புக்கு ஏன் ஆகாது? அடிக்கிற அண்ணன்மாரைக் கூலிக்கு அழைத்துப் பின்னால் நடக்க விடாதீர்கள். குழுவின் அங்கத்தவராக முதல் ஒத்திகையிலிருந்தே அழையுங்கள். மற்றவர்களோடு ஒரே வரிசையில் நின்று, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிக்கட்டும். இதற்கு முகம் சுளிப்பவர் யாராவது குழுவில் இருந்தால், பாட்டுப் பழக்குவதற்கு முன்னால் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். பெத்லகேமுக்கு முதலில் அழைக்கப்பட்டவர்கள் இரவில் வெளியில் கிடந்த இடையர்கள்தானே.

தப்பின் தோல் பனியில் தொய்ந்துவிடும். கிளம்பும் முன் காய்ந்த மட்டையையோ பழைய கடதாசிப் பெட்டியையோ கொளுத்தி, தோல் முகத்தை நெருப்புக்குக் காட்டி, விளிம்பைப் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காய்ச்சுவார்கள். இடையிடையே விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். முதலில் "தொப்பு தொப்பு" என்று ஈரமாகக் கேட்கும் சத்தம் மெல்ல மெல்ல ஏறி "டண்" என்று தெறிக்கும்போது நிறுத்துவார்கள். மூடுபனி இறங்கிய இரவில் அரை மணித்தியாலத்தில் மறுபடி தொய்யும். அதனால் காய்ந்த கடதாசியும் நெருப்புப்பெட்டியும் பொலித்தீன் பையில் சுற்றி ஒருவர் கையில் இருக்க வேண்டும். பிள்ளைகள் அந்த நெருப்பைச் சுற்றி நிற்க விரும்புவார்கள். தேயிலைக்கும் கூரைக்கும் தள்ளி, வெறும் மண்ணில் மூட்டுங்கள்.

வீட்டுக்குள் ஒரு மாலை

எல்லோராலும் இரவில் நடந்து வர முடியாது. பிள்ளை பெற்ற தாய், படுக்கையில் இருக்கும் தாத்தா, தொழிற்சாலையில் இராவேலை செய்யும் மாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவர்களுக்காகக் குழுவில் உள்ள ஒவ்வொரு குடும்பமும் தன் காம்பராவுக்குள்ளேயே (லய வீட்டுக்குள்ளேயே) ஒரு மாலையை ஒதுக்கட்டும். டீவியை நிறுத்துங்கள். குடில் கட்டும் நாளையே இதற்கு வைத்துக்கொள்ளலாம். மானாப்புல் அறுத்து வந்து கூரை வேய்வது, பாறையிலிருந்து பாசி எடுத்து வந்து தரை போடுவது, சைப்ரஸ் கிளை செருகுவது எல்லாம் பிள்ளைகளின் வேலை. கைகள் வேலை செய்யும்போது வாய் தானாகப் பாடும்.

அந்த மாலையில் வீட்டிலுள்ள மூத்த பெண்ணிடம் ஒன்று கேளுங்கள்: "பாலனுக்கு ஒரு தாலாட்டுப் பாடுங்க அம்மாயி." முதலில் வெட்கப்படுவார். எனக்கென்ன தெரியும் என்பார். மடியில் ஒரு குழந்தையைக் கொடுத்துப் பாருங்கள், தானாக வரும். தன் பிள்ளைகளுக்குப் பாடியதைத்தான் பாடுவார். மாமன் பேர் வரும், அத்தை பேர் வரும், கொழுந்து மலையும் கங்காணியும் வரும். ஒன்றையும் திருத்தாதீர்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்தத் தாலாட்டுகள் பாடியவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. பல வீடுகளில் இதுவே கடைசி வாய்ப்பாக இருக்கலாம்.

அவர் சம்மதித்தால் அதைக் கரோலிலும் சேர்க்கலாம். அவர் வரிகளைப் பாட, குழு "ஆராரோ ஆரிரரோ" என்பதை மட்டும் மெதுவாகப் பாடட்டும். வாத்தியம் எல்லாம் நிற்கட்டும். இந்து வீட்டு அம்மாயி பாடினாலும் அப்படியே. பிறந்த பிள்ளைக்குத் தாலாட்டுப் பாட யாருக்குத்தான் உரிமை இல்லை?

யார் யாரிடம் சொல்ல வேண்டும்

பாதரிடம் அல்லது போதகரிடம் முதலில். அடுத்து தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம்: எந்தத் திகதி, எந்த டிவிசன், எத்தனை மணி வரை, பொறுப்பு யார். தோட்டத் தலைவர்மாரிடமும் கோயில் கமிட்டியிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள். கோயிலில் பூசையோ ஐயப்ப விரதக்காரரின் பஜனையோ இருக்கும் மாலையைத் தவிர்த்துக்கொள்ளலாம்.

ஒலிபெருக்கி வைப்பதென்றால் பொலிஸ் அனுமதி தேவை. இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் அதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. என்னைக் கேட்டால் ஒலிபெருக்கியே வேண்டாம் என்பேன். அது வந்ததும் வாசலில் நிற்பவர் வாயை மூடிக்கொள்வார்.

நடக்கும் இரவுகள்

டிசம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து சனி, ஞாயிறு மாலைகள் நல்லவை. 22ஆம் திகதிக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு பலகாரமும் பயணமும் தொடங்கிவிடும். ஒரு மாலைக்கு மூன்று லயம், மிஞ்சினால் நாலு. ஒன்பது மணிக்கு எல்லோரும் வீட்டில் இருக்க வேண்டும். விடிந்தால் வேலை இருக்கிறது.

மழையை இலேசாக எடுக்காதீர்கள். வடகீழ்ப் பருவ மழை பதுளைப் பக்கத்தில் இந்த மாதத்தில்தான் கொட்டும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களையே மூடியது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலும் மலையகத்தை எப்படிப் புரட்டிப் போட்டது என்பதை நாம் அறிவோம். கிளம்பும் நாளில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவிப்பைப் பாருங்கள். மஞ்சள் என்றால் அவதானம், செம்மஞ்சள் என்றால் தயார்நிலை, சிவப்பு என்றால் வெளியேற்றம். செம்மஞ்சளோ சிவப்போ இருந்தால் கரோல் இல்லை, பேச்சுக்கே இடமில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்பியுலன்ஸுக்கு 1990 இரண்டையும் பொறுப்பாளர் போனில் வைத்திருக்கட்டும்.

பிள்ளைகள் நடுவில், பெரியவர்கள் முன்னும் பின்னும். ஐந்து பேருக்கு ஒரு டோர்ச். சிறுத்தை நடமாட்டம் உள்ள பக்கங்களில் குறுக்குப் பாதை வேண்டாம், பெரிய ரோட்டிலேயே கூட்டமாகப் பேசிக்கொண்டு போங்கள். அட்டைக்குச் சவர்க்காரமோ உப்போ கையில் இருக்கட்டும்.

வாசலில்

பத்துப் பன்னிரண்டு காம்பரா உள்ள லயத்தில் ஒவ்வொரு கதவாகப் போய்ப் பாட வேண்டியதில்லை. நடுவில் நின்று பாடினால் இரண்டு கோடிக்கும் கேட்கும். அவரவர் இஸ்தோப்பில் நின்றபடியே சேர்ந்து பாடுவார்கள். முதுகுக்கு முதுகு கட்டிய இரட்டை லயமென்றால் இரண்டு பக்கமும் ஒரு தடவை. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கட்டிக்கொடுத்த இடங்களில் வீடுகள் விலகி இருக்கும். அங்கே ஒரு சந்தியில் நின்று, நாலைந்து வீட்டாரை வெளியே அழைத்துப் பாடுவது நல்லது.

பாட்டுத் தொடங்கும் முன் ஒருவர் பல்லவியை மட்டும் சொல்லிக்கொடுத்து, "நீங்களும் பாடுங்க" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். இதை விட்டுவிட்டால் அவர்கள் மரியாதைக்காக அமைதியாகவே நிற்பார்கள்.

அந்த வருடத்தில் சாவு நடந்த வீடு எது என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். மேளத்தை நிறுத்திவிட்டு, பொறுப்பாளர் மட்டும் போய், "பாடலாமா?" என்று கேட்கட்டும். பெரும்பாலும் பாடச் சொல்வார்கள். மெதுவான பாட்டு ஒன்று, வாத்தியம் இல்லாமல். மண்சரிவில் வீடிழந்து பொது மண்டபங்களில் தங்கியிருப்பவர்களிடமும் இதே முறைதான். வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு நகருங்கள்.

உண்டியல்

பணம் எதற்கு என்பதை முதல் வீட்டுக்குப் போகும் முன்பே தீர்மானித்து எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு நோக்கம். ஜனவரியில் புதுத்தவணைக்குப் பிள்ளைகளின் கொப்பி நல்ல தெரிவு. பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் கொடுக்கிறது. கொப்பி, பேனை, பை எல்லாம் பெற்றோர் தலையில்தான். இல்லாவிட்டால் தனியாக வாழும் முதியவர்களுக்கு உலருணவுப் பொதி, கம்பளி.

லயத்தில் உண்டியலை நீட்டாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. நாட்சம்பளத்தில் வாழும் வீட்டின் முன் நின்று பாடிவிட்டு டின்னைக் குலுக்கினால், கையில் இல்லாதவர் அடுத்த முறை கதவைச் சாத்திக்கொள்வார். தாங்களாகக் கொடுத்தால் ஐந்து ரூபாயாக இருந்தாலும் நன்றியோடு வாங்குங்கள். பணம் சேர்க்கும் இடம் பஸார். சம்பள நாளுக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைக் காலை, நகரசபையிடமும் பொலிஸிலும் சொல்லிவிட்டு, கடைத்தெரு ஓரத்தில் வழியை மறிக்காமல் ஒரு மணித்தியாலம் பாடுங்கள். கடை முதலாளிமாரிடம் பணத்துக்குப் பதில் கொப்பியாகவே கேட்டால் மனமுவந்து தருவார்கள்.

டின்னை ஒட்டிச் சீல் வையுங்கள். உறவுமுறை இல்லாத இருவர், அதே இரவில், மூன்றாம் ஆள் பார்த்திருக்க எண்ண வேண்டும். தொகையை எழுதி மூவரும் கையெழுத்திட வேண்டும். குழுவின் தேத்தண்ணிச் செலவு, வேன் செலவு எதையும் அந்தப் பணத்தில் எடுக்கக்கூடாது. அதற்குத் தனியாகக் குழுவே போட்டுக்கொள்ளட்டும்.

வைத்தியசாலைக்கோ முதியோர் இல்லத்துக்கோ போக விரும்பினால் இரண்டு வாரம் முன்பே பொறுப்பதிகாரியிடம் கேளுங்கள். வார்டில் மேளம் கிடையாது. பாதிக் குரலில் இரண்டு பாட்டு, பிறகு ஒவ்வொரு கட்டிலாகப் போய் இரண்டு வார்த்தை பேசுவது. முதியோர் இல்லத்தில் பாட்டைக் குறைத்து அவர்களைப் பாட விடுங்கள். ஒருவர் முருகன் பாட்டுக் கேட்டால் முருகன் பாட்டே பாடுங்கள். தெரிந்தவர் குழுவில் இருப்பார்.

பண்டிகை முடிந்ததும்

ஜனவரியில் பாடசாலை திறக்கும் முன்பே கொப்பிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும். அதிபரிடமோ ஆசிரியரிடமோ பெயர்ப்பட்டியல் கேட்டு, மாலையில் பெற்றோர் கையில் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கொப்பியைப் பிடிக்கச் சொல்லிப் படமெடுத்து முகநூலில் போடாதீர்கள். அந்தப் பிள்ளை நாளை அதே வகுப்பில் உட்கார வேண்டும்.

வரவு செலவுக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் தேவாலய வாசலிலும் பிரட்டுக்களத்திலும் (காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்திலும்) ஒட்டுங்கள். கோயிலில் வாங்கிய ஆர்மோனியத்தைத் துடைத்து, ஒரு தட்டுப் பலகாரத்தோடு திருப்பிக் கொடுங்கள். சுருதி எழுதிய பாட்டுக் கொப்பியும் தாலாட்டுப் பதிவுகளும் ஒருவர் போனில் மட்டும் இருக்காமல் மூன்று பேரிடமாவது இருக்கட்டும். அடுத்த வருடம் முதல் ஒத்திகைக்கு நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இப்போதே குறித்து, கொழும்புக்குத் திரும்பும் பிள்ளைகள் பஸ் ஏறுவதற்கு முன் அந்தத் திகதியை அவர்கள் கையில் கொடுத்தனுப்புங்கள்.